இறப்பு கூடினால் மருத்துவ வசதி மோசமா?
ஒரு சுகாதார மாவட்டத்தின் (சுகாதாரத் துறை தன் நிர்வாகத்துக்காகப் பிரித்த பகுதி) பிறப்பு, இறப்பு அட்டவணையைப் போட்டு, பிறப்பைவிட இறப்பு அதிகம், ஆகவே அங்கே மருத்துவ வசதி சரியில்லை என்று உங்கள் கட்டுரை முடிவுகட்டுவது அவசரம். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறி, முதியவர்கள் தங்கிவிட்ட பகுதியில் இறப்பு விகிதம் தானாகவே ஏறும். வயதுவாரியாகச் சரிசெய்த விகிதத்தை, அதாவது முதியவர்கள் கூடுதலாக இருப்பதன் தாக்கத்தை நீக்கிக் கணக்கிட்டதைப் போட்டிருந்தால் பேசலாம்.

அப்புறம், சிசு மரணம் (ஒரு வயது நிறையும் முன் இறப்பது) 'இரட்டிப்பு' என்கிறீர்களே! ஆண்டுக்கு 400 குழந்தைகள் பிறக்கும் இடத்தில் 2 சிசுக்கள் இறந்தால் விகிதம் ஆயிரத்துக்கு 5. மறு ஆண்டு 4 என்றால் 10. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் நடக்கும். (ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.) சில ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும்.

பெரிய மருத்துவமனை உள்ள இடத்தில் வெளியூர்க்காரர்களின் பிரசவமும் சாவும்கூடப் பதிவாகும். உங்கள் அட்டவணை பிறப்பு, இறப்பு நிகழ்ந்த இடத்தை வைத்துப் போட்டதா, அந்தக் குடும்பங்களின் வசிப்பிடத்தை வைத்துப் போட்டதா?