சந்தா பாக்கி இல்லாத ஆச்சி

எங்கள் ஆலயத்தில் மூன்றாவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காரும் ஆச்சி ஒருவர் நாலு மாதமாக ஆராதனைக்கு வரவில்லை. எனக்கு அது தெரிய வந்ததே போன மாதம்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். வெளியூரில் இருக்கிற மகன் மாதம் தவறாமல் சபைச் சந்தாவை ஜிபேயில் அனுப்பிவிடுகிறார், ரசீதும் போய்விடுகிறது. சபைக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே பாக்கி எதுவும் இல்லாததால் யாரும் அவரைத் தேடவில்லை. நானும் தேடவில்லை.

அந்த நாலு மாதத்தில் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டை பண்டிகைக்காகப் பெயின்ட் அடித்தோம், புது சவுண்ட் சிஸ்டம் வாங்கினோம், பக்தியைத் தட்டியெழுப்ப மூன்று நாள் எழுப்புதல் கூட்டமும் நடத்தினோம். ஆச்சியின் வீடு பந்தலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. படுத்த படுக்கையிலேயே மைக் சத்தத்தில் மூன்று நாளும் செய்தி கேட்டாராம். அதைக் குறையாகக்கூட அவர் சொல்லவில்லை, சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

எழுப்புதல் என்றால் வெளியூர்ப் பிரசங்கியார் கொண்டுவந்து தருவது என்று பழகிப்போயிருக்கிறோம். ஆதித் திருச்சபை எப்படி வாழ்ந்தது என்று அப்போஸ்தலர் 2:42 நாலு காரியங்களைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இதில் மூன்றுக்கு நம்மிடம் நேரமும் முறையும் இருக்கின்றன. அந்நியோந்நியம் எந்தக் கமிட்டிக் கூட்டத்திலாவது பேசப்பட்டதுண்டா? இன்றைக்குக் கணவன் மனைவி நெருக்கத்துக்குத்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். அந்த நெருக்கத்தைச் சபையார் எல்லாருக்குமான வார்த்தையாக நம் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். நாலு வசனம் தள்ளிப் பார்த்தால், வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள் என்றும் இருக்கிறது.

நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள் வளர்ந்ததும் இப்படித்தான். பாளையங்கோட்டைக்கு மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் வந்தார் என்று படிக்கிறோம். ஆனால் ஊர் ஊராக நடந்துபோய், திண்ணையில் உட்கார்ந்து, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, நோயாளிக்கு ஜெபம் பண்ணியவர்கள் உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்மார்தான். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஊழியத்துக்கென்று கலயத்தில் போட்டுவைத்த பெண்களையும் சொல்ல வேண்டும். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி அப்படிச் செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு அசரியா கேட்டது ஒன்றைத்தான்: அன்பைத் தாருங்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். இரண்டு வருடத்தில் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குப் பேராயர், அதாவது பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. அன்றைக்கு அவர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டதை இன்றைக்கு நம்மிடம் கேட்க வேண்டியவர்கள் நம் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை ஒரே பாத்திரத்தில் எடுக்கிறோம், ஆனால் சாதி பார்த்துச் சில வீடுகளின் வாசற்படி ஏறுவதில்லை. இது எல்லாருக்கும் தெரியும். இதைத் தொடாமல் எத்தனை நாள் உபவாச ஜெபம் வைத்தாலும் சபை உயிர்க்கும் என்று நான் நம்பவில்லை.

வீடு சந்திப்பு ஐயரின், அதாவது போதகரின் வேலை என்கிறார்கள். எங்கள் ஐயருக்கு அவர் பொறுப்பிலுள்ள சேகரத்தில் ஏழு ஆலயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளுக்கே மூச்சு வாங்க ஓடுகிறார்.

அதனால் நாங்கள் நாலு பேர் வியாழன்தோறும் சாயங்காலம் இரண்டு வீடுகளுக்குப் போகிறோம். பிரசங்கம் கிடையாது, காணிக்கைப் பையும் கிடையாது. வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனை, ஜெபம், அப்புறம் அவர்கள் பேசுவதைக் கேட்பது. இதுவரை எட்டு வீடுகள் ஆகியிருக்கின்றன. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட உதவ ஆளில்லை, அவ்வளவுதான் காரணம். இன்னொரு அண்ணன், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது ஒரு சேவலுக்காக வந்த வாக்குவாதத்தில் மூன்று வருடமாகத் திருவிருந்துக்கு வருவதில்லை. சேவல் சின்ன விஷயம்தான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒருவர் அவரைப் பேசிய பேச்சு சின்னதில்லை. நாங்கள் போன முதல் தடவை அந்த அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து உள்ளே உட்கார வைத்தார். ஆலயத்துக்கு இன்னும் வரவில்லை. பேசியவர் இன்னும் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இந்த முதல் ஞாயிறு ஐயர் ஆச்சிக்கு வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுத்தார். ஆச்சி ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "என் வரிசையில உக்காருறவங்களையும் கூட்டிட்டு வாங்கய்யா." ஆறு பேர் போனோம். அந்தச் சின்ன அறையில் முழங்கால்படியிட இடமில்லை, கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே எடுத்தோம்.

வருகிற வியாழன் கிழக்குத் தெரு. ஏழு மணிக்கு ஆலய வாசலில் நிற்போம். வருகிறவர்கள் கையில் டார்ச் எடுத்து வாருங்கள், அந்தப் பக்கம் தெருவிளக்கு எரிவதில்லை.