அரும்பு அரும்பாகவே இருக்கிறது

2022இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தர எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பெயர்களைக் கேட்டே மகிழ்ந்தவன் நான். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்ப மூன்று பிரிவு. நல்லதுதானே?

காரைக்குடியில் என் மகள் போகும் பள்ளியில் அரும்புக் கூட்டத்துக்குக் கடைசி மூலை. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி. தேவகோட்டையில் தங்கச்சி மகனோ புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் போடுகிறான், இரண்டே மாதத்தில் மொட்டாகிவிட்டான். ஒரே மாவட்டம், ஒரே பயிற்சிநூல், பஸ்ஸில் அரை மணி நேரம்!

டீச்சரிடம் கேட்டால், "அஞ்சு வகுப்புக்கும் ரெண்டு பேர்தான் சார், என்ன செய்ய?" அதுவும் நியாயம்தான். ஆனால் நேற்று என் மகள் அப்பத்தாவிடம் சொல்கிறாள்: "நான் அரும்பு, எனக்கெல்லாம் கணக்கு வராது." ஏழு வயசு.