அம்மாயி பொறுமைசாலி இல்லை

நேற்று ராத்திரியிலிருந்து சமூக ஊடகத்தில் எல்லார் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது இப்போது காலமான என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர். அதற்குக் கீழே இருப்பதையும் படித்திருப்பீர்கள். 95 வயதுவரை ஒருநாளும் முகம் சுளிக்காதவராம், பொறுமையின் சிகரமாம், சின்னச் சண்டைக்கே பெட்டி கட்டும் இன்றைய பெண்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு மாமா முறை, அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும்.

ஆனால் முகம் சுளிக்காதவரா? எங்கள் அம்மாயியா? மாமா, நீங்கள் எந்த வீட்டு அம்மாயியைப் பார்த்தீர்கள்?

1948ல், 18 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு வரும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர். அந்த வாந்திக்காகத் தாத்தாவை அவர் சாகும்வரை திட்டினார். செத்த பிறகும் திட்டினார், அது வேறு கதை. தாத்தாவுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை, தஞ்சோங் பகார் பக்கம் லயன் வீடு, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. பொதுக் குழாயடியில் அம்மாயியின் வாளியை யாராவது நகர்த்தி வைத்தால் அன்றைக்கு லயனே கூடிவிடும் என்று அம்மா சொல்வார். பொறுமையின் சிகரம்!

1957ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. தமிழ் முரசு நாளிதழ் ஆசிரியர் சாரங்கபாணி, தமிழர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த நேரம். தாத்தா அசையவில்லை. "நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போகப் போறோம், நமக்கு எதுக்கு அது?" என்றாராம். "நீங்க போங்க, நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் அம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர் அம்மாயி. புருஷன் பேச்சைக் கேட்காத பெண். இதை உங்கள் பதிவில் காணோமே?

ஐந்து ஆண்டு கழித்துத் தாத்தா இறந்தார். நாலு பிள்ளைகள், அம்மாயிக்கு 32 வயது. லயன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். உறவெல்லாம் கூடி உட்கார்ந்து, ஒரத்தநாட்டில் அண்ணன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். அவரைத் தவிர எல்லாரிடமும் கேட்டார்கள். கப்பல் டிக்கெட்டுக்குச் சேர்த்த பணத்தைக் கையில் கொடுத்ததும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தக் காசில் ஆட்டுக்கல் வாங்கினார். திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது, சின்னப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அந்த ஆட்டுக்கல்தான் புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீட்டுக்கும் வந்தது. விடிகாலை நாலு மணிக்கு, விற்பதற்கு மாவாட்டுவார். காலி பால் டின்னால் அளந்து, தலைதட்டாமல் ஒரு குத்துக் கூடவே போடுவார். கீழ்வீட்டுச் சீனப் பாட்டி சத்தம் தாங்காமல் மேலே வந்து கதவைத் தட்ட, இரண்டு பேரும் பசார் மலாயில், அதாவது கடைத்தெருவில் பேசும் கலப்பு மலாயில், சண்டை போட்டு, பசார் மலாயிலேயே சமாதானமாகி, கடைசியில் அந்தப் பாட்டியே மாவு வாங்க ஆரம்பித்தார். வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, காய்த்துப்போய் மஞ்சளாக ஓர் இடம் இருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன், அவருக்கு வலிக்கவே வலிக்காது.

அத்தனை வருஷ உழைப்புக்கு மசேநியில், அதாவது மத்திய சேமநிதியில், ஒரு வெள்ளி கிடையாது. மாவு விற்றவருக்கு முதலாளி ஏது? 2014ல் முன்னோடித் தலைமுறைக்கு அரசாங்கம் அட்டை கொடுத்தபோது, மருத்துவச் செலவில் கழிவு உண்டு அம்மாயி என்று விளக்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காசாக் கொடுத்தா என்ன?" என்றார். இவரைத்தான் எதுவும் கேட்காதவர் என்கிறீர்கள்.

"நல்லதாகத்தானே எழுதினார், இறந்தவரைப் பற்றி இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று சிலர் கேட்பீர்கள். நல்லதா அது? உயிரோடு இருந்தபோது வாயாடி, அடங்காதவள் என்றார்கள். நான் காதாரக் கேட்டிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சிகரமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் குடும்பம் நின்றதே பெண்கள் பொறுத்துப் போனதால்தான் என்று சொல்லவும் ஆள் வரும். சில வீடுகளில் அப்படி நின்றிருக்கலாம், மறுக்கவில்லை. எங்கள் வீடு அம்மாயி பொறுக்காததால் நின்றது. அவ்வளவுதான். பொறுத்திருந்தால் ஒரத்தநாட்டில் அண்ணி கையால் சோறு வாங்கித் தின்றிருப்பார், இதை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசி இரண்டு வருஷம் அவர் படுக்கையில் கிடந்தார். அம்மாவும் இந்தோனேசியப் பணிப்பெண்ணும்தான் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டினார்கள். இப்போது கைகூப்பும் பொம்மை போடுகிறவர்களில் எத்தனை பேர் எம்ஆர்டி ரயில் ஏறி வந்து பார்த்தீர்கள்? தூரம் என்பீர்கள். எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கும் ஜொகூருக்குச் சாப்பிடப் போகத் தூரமில்லை.

அதை விடுங்கள். பெட்டி கட்டும் பெண்கள் என்று அந்தப் பதிவு யாரைக் குத்துகிறது என்று எங்களுக்கா தெரியாது? என் தங்கையை. அவள் நேற்றே படித்துவிட்டாள். அம்மாயி உயிரோடு இருந்தபோது ஒருத்தருக்கும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, இப்போது அவர் படத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு சொல்கிறீர்கள்.

அவள் புருஷன் வீட்டை விட்டு வந்த ராத்திரி நானும் அங்கே இருந்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவரப் போனேன். அம்மாயி நாற்காலியிலிருந்து அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நகையை எடுத்துக்கிட்டு வந்தியா?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் என்னைப் போன் போட்டுத் தரச் சொல்லிச் சம்பந்தி அம்மாவிடம் பேசினார். குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை. அந்த வாரத்திற்குள் நகை மொத்தமும் வந்து சேர்ந்தது, மூக்குத்தித் திருகாணி உட்பட.

இதையும் சேர்த்து எழுதுங்கள் மாமா. லைக் குறைந்தாலும் பரவாயில்லை.