மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள விடுங்கய்யா, என் பாத்ரூமுக்குள்ள விடாதீங்க

நேத்து ராத்திரியும் அதேதான். மழை புடிச்சு அரைமணி நேரம்கூட ஆகல, பாத்ரூம்ல தண்ணி போற ஜாலில குபுக் குபுக்னு சத்தம். பெங்களூரு ஈஜிபுரால கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கிறவங்களுக்கு அந்த சத்தம் கேட்டாலே வயித்த கலக்கிடும். எந்திரிச்சு லைட் போடுறதுக்குள்ள கரண்ட் போச்சு. அம்மா டார்ச் புடிக்க, நான் பழைய புடவைய சுருட்டி ஜாலி மேல அமுக்கி, அதுமேல அம்மிக்கல்ல வெச்சோம், ரெண்டு பேரு சேந்து தூக்குற கல்லு, அதையும் மீறி ஓரத்துல கசியுது. கருப்புத் தண்ணி. யாரு வீட்டு முடியோ, யாரு வீட்டு சோத்துப்பருக்கையோ மெதந்து வருது. ஹாலைத் தாண்டி அரிசி மூட்டை வரைக்கும் வந்துடுச்சு. நாலு மணி வரைக்கும் அள்ளி அள்ளி பக்கெட்ல ஊத்துறோம், எங்க கொண்டுபோய் கொட்டுறது? வாசல்ல மேன்ஹோல் மூடியையே தூக்கிட்டு பொங்குது.

விடிஞ்சதும் போய் பாத்தா, எதிர்ல புதுசா கட்டின நாலு மாடி வீடு, மொட்டைமாடி மழை பைப்ப நேரா யூஜிடி சேம்பர்ல, அதான் தரைக்கடியில போற சாக்கடை லைன்ல, சொருகி வெச்சிருக்கான். 30க்கு 40 அடி சைட். 50 மில்லிமீட்டர் பேஞ்சா அந்த ஒரு மாடியில இருந்து மட்டும் 5,500 லிட்டர். யூஜிடி பைப் வீட்டுக் கழிவுக்குன்னு போட்டது, மழைக்குன்னு தெருவோர மோரி இருக்கு, அது போய் சேர்ற பெரிய மழைநீர் கால்வாய் ராஜகாலுவே இருக்கு. தெருவுல இருபது வீடு இப்படி சொருகினா பள்ளத்துல இருக்கிற என் வீட்டுக்குத்தானே வரும்? புதுசா கட்டுற 30க்கு 40 வீட்டுல மழைநீர் சேகரிக்கணும்னு 2009லயே சட்டம் வந்தாச்சு, யாரு வந்து பாத்தாங்க?

இன்னொரு வயித்தெரிச்சல் அந்த புங்கமரம். அதைச் சுத்தி மூணடிக்கு மண்ணு இருந்துச்சு, கனகாம்பரம் வெச்சிருந்தோம், எவ்ளோ மழை பேஞ்சாலும் அந்த இடம் குடிச்சுக்கும். போன மாசம் அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசி பேவர் பிளாக் போட்டுட்டாங்க. கேட்டா, பெரிய பைப் போட்டா சரியாயிடும்ங்கிறாரு இன்ஜினியர். பெரிய பைப் போட்டா அடுத்த தெருக்காரன் பாத்ரூம்ல பொங்கும், அவ்ளோதான்!

அமெரிக்கால பிலடெல்பியால பாதிக்கு மேல பழைய பைப், கழிவும் மழையும் ஒண்ணாத்தான் ஓடும், பெருமழைன்னா ஆத்துல கலந்துடும். அவங்க 2011ல 25 வருஷத் திட்டம் போட்டாங்க. ரோட்டோரமா பள்ளம் எடுத்து ஜல்லியும் மண்ணும் போட்டு செடி வெக்கிறது, தண்ணி இறங்குற மாதிரி தரை போடுறது, முதல் ஒரு இன்ச் மழைய விழுந்த இடத்துலயே புடிச்சு வெக்கிறது. மொத்த மழையையும் மண்ணு குடிக்காதுன்னு எனக்கும் தெரியும். எனக்கு அந்த முதல் அரைமணி நேரம்தான் வேணும். அதுக்கு ஃபுட்பாத் ஓரத்துல ரெண்டடி அகலத்துக்கு மண்ண விடுங்க, கல்வாழை வெக்கிறது நாங்க பாத்துக்கிறோம். தர்மாம்புதி ஏரிய மூடி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆக்கினீங்க, சம்பங்கி ஏரிய மூடி கண்டீரவா ஸ்டேடியம் ஆக்கினீங்க, மரத்தடியையாவது விட்டு வைக்கக்கூடாதா?

25 கிலோ சோனா மசூரி, பிரிக்கவே இல்ல, காலைல அம்மா அழுதுகிட்டே குப்பை வண்டில போட்டாங்க. அந்த நேரம் பாத்து ஓனர் போன். அடுத்த மாசத்துல இருந்து வாடகை ஆயிரம் ரூபா ஏத்துறாராம். ஏன் சார்னு கேட்டா, தெருவுல புதுசா பேவர் பிளாக் போட்டிருக்காங்கல்ல, ஏரியா நல்லா ஆயிடுச்சுங்கிறாரு.