பீடி சுற்றினால் அது வேலை இல்லையாம்

போன வாரம் அம்மாவோடு பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "என்ன வேல பாக்கீங்கம்மா?" என்றார்.

"வேலைக்கெல்லாம் போகலய்யா. வீட்டுலதான் பீடி சுத்துதேன்."

முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. 'இல்லை' என்று எழுதிவிட்டார். நான் எகிறினேன். "அது என்ன உத்தியோகமா தம்பி?" என்று சிரிக்கிறார் மனுஷன்!

அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அது பணி. எழுந்து போகிற அன்றைக்குப் பணி நிறைவு விழா, சால்வை, வடை. டவுணில் கடை போட்டவருக்குத் தொழில். சர்ச்சில் செய்தால் ஊழியம். வயலில் இறங்கினால் வெறும் கூலி. எல்லாரும் எடுத்தது போக அம்மாவுக்கு மிஞ்சியது 'சோலி'. அருமையான சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் "ஒஞ் சோலியப் பாரு" என்று ஆளை விரட்டவும் அதுதான், "அவன் சோலி முடிஞ்சுது" என்று கதையை முடிக்கவும் அதுதான்.

அந்தச் சோலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா அவர்? இலையை நனைத்து, அளவு வைத்துக் கத்தரித்து, நரம்பு உறுத்தாமல் பார்த்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, தலையை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். இது ஒரு பீடிக்கு. கூலியோ ஆயிரத்துக்குக் கணக்கு. பீடியை வாங்குகிற கடையில் சரியில்லை என்று கழித்துப் போட்டால் அதுவும் போச்சு. அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் எப்போதும் தேய்ந்தேதான் இருக்கும்.

1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் இருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கட்டத்துக்குள் சேதி போய்ச் சேரவில்லை.

பழைய தமிழில் 'வேலை' என்றால் கடல். அம்மாவுக்கு அந்தப் பொருள்தான் சரி, கரையே கிடையாது.

கடைசியில் அந்த 'இல்லை'யை அடித்து 'பீடித் தொழிலாளி' என்று எழுத வைத்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் அம்மா என்னைத்தான் திட்டினாள். "அந்த மனுசன்கிட்ட எதுக்குல மல்லுக்கு நின்ன? அரை நாள் சோலி கெட்டுப்போச்சு. நாளைக்குக் கடைக்கு என்னத்தக் கொண்டு போக?"