கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை

"கருந்துளை அருகில் இருக்கும் வாயுவை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. சுழன்றுகொண்டே வரும் வாயு நேராக விழாது, வட்டாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இறங்க வேண்டுமென்றால் தன் கோண உந்தத்தை (சுற்றும் இயக்கத்தின் அளவை) வெளிப்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும், அதற்கு உதவுவதுதான் பாகுநிலை. உள் அடுக்கு வேகமாகவும் வெளி அடுக்கு மெதுவாகவும் ஓடுவதால் வரும் உராய்வு அது, வட்டு சூடாகி எக்ஸ் கதிர் வரை வீசுவதும் அதனால்தான். சரி, சாதாரண மூலக்கூறு உராய்வு போதுமா? போதவே போதாது. 1973-இல் வானியற்பியலாளர்கள் ஷகுராவும் சுன்யாயெவும் வாயுவின் கொந்தளிப்பைக் காரணமாக்கி, அது தரும் உராய்வின் அளவை ஆல்ஃபா என்ற ஒற்றை எண்ணில் அடக்கினார்கள் (சாமர்த்தியமான சமாளிப்பு!), காந்தப்புலம் இருந்தால் அந்தக் கொந்தளிப்பு கிளம்பும் என்று 1991-இல் பால்பஸும் ஹாலியும் காட்டினார்கள். இரண்டு கட்டுரைகளும் நாசாவின் வானியல் ஆவணத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்த ஃபார்வர்டு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.