கடையநல்லூர் தெரு, எண் 1

சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் உணவங்காடியில் கோழிச்சோற்றுக்கு வரிசையில் நிற்பவர் யாரையாவது பிடித்து, இந்த இடத்தின் முகவரி என்ன என்று கேளுங்கள். மேக்ஸ்வெல் ரோடு என்பார். இல்லை. கடையநல்லூர் தெரு, எண் 1. நானே இருபது வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன்; போன மாதம்தான் தலையை நிமிர்த்திப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்து நெசவாளர் ஊர் ஒன்று, தஞ்சோங் பகாரில் தெருப்பெயராக நின்றுகொண்டிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் சங்கத்துக்குப் பொன்விழா வருகிறது. (எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன், செயலவையில் பாதிப் பேர் இங்கே நண்பர்களாக இருக்கிறார்கள்.) மலர்க்குழுவில் 'வரலாறு' என் தலையில் விழுந்தது. கையில் தந்தது என்ன தெரியுமா? தலைவர்கள் படம் வரிசையாக, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற குறிப்போடு. அப்புறம் பொன்னாடை, பொன்னாடை, பொன்னாடை. பழைய கணக்குப் புத்தகம் எங்கே என்றேன். அலுவலகம் மாற்றும்போது தூக்கிப் போட்டாச்சாம். "அதுல என்னண்ணே இருக்கு, ஐம்பது காசு, ஒரு வெள்ளின்னு எழுதியிருக்கும்."

அந்த ஐம்பது காசுதானப்பா சங்கம்!

கோபத்தில் மற்ற சங்கங்களின் கதையைத் தேடப் போனேன். அப்படித்தான் கடையநல்லூர்க்காரர்களிடம் வந்து சேர்ந்தேன். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. போர் முடிந்த மறு வருஷம், 1946-ல், அரிசிக்கே ஆலாய்ப் பறந்த காலத்தில், இவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பெயர், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. நபிகளின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடிய புலவரின் பெயர்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்தக் காலத்தில் ஊர் ஊருக்குச் சங்கம் இருந்ததே, இவர்களுக்கு மட்டும் ஏன் பள்ளிக்கூடம் முதல் வேலையாகப் பட்டது? அன்றைக்கு இங்கே வந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஒண்டி ஆள்கள். மனைவி, பிள்ளை எல்லாம் ஊரில். அப்படிப்பட்டவர்களின் சங்கத்துக்குப் படுக்க இடம், கடிதம் எழுதித் தர ஆள், செத்தால் எடுத்துப் போட நாலு பேர், இவைதான் அவசரம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் அப்படியில்லை. முன்னாலேயே குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. இவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் பழைய சங்கப் படங்களில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? எல்லாம் ஆண்கள். எந்தச் சங்கமாக இருந்தாலும் இதே கதைதான், எங்களுடையதும்.

தஞ்சோங் பகாரில் இந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றவர்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருக்கிறார், அப்படி அரைத்தவர். போன வாரம் அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"விடியுமுன்ன அம்மி முன்னால உக்காருவோம் தம்பி. மொளகா தனியா, மல்லி தனியா, மஞ்ச தனியா உருட்டி வைக்கணும். கை எரியும் பாரு, பிள்ளையத் தொட முடியாது. அழுதா மூத்தவதான் தூக்குவா."

பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கேட்டு வருவார்களா என்றேன்.

"வராமலா? குடுப்போம். காசு என் டப்பாவுல இருந்து போகும். ரசீது அவுக பேருக்கு வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவருக்கு ஊர்ச்சங்கம் என்றாலே ஆகாது. "தன் ஊர், தன் ஆளுன்னு ஒதுங்கிப் போறவங்க, இதுல என்ன சமூக சேவை?" என்றார். அந்தக் குறை பல சங்கங்களுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளியில் 1960-ல் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. தீவிலேயே தமிழில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி இதுதான். தொடக்கநிலையைத் தமிழில் முடித்து, மேலேயும் தமிழிலேயே படிக்க நினைத்த பிள்ளைக்கு வேறு வாசல் கிடையாது. ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட பந்தல், கடைசியில் எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் நிழலானது. "நாங்கள் எல்லாருக்கும் பொது" என்று விதிமுறையில் எழுதிவைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு விருந்து போடும் சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுடையதும் கிட்டத்தட்ட அதுதான்.

பள்ளி 1982-ல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள், மாணவர் எண்ணிக்கை கரைந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் அப்பாவும் அதே கணக்கைப் போட்டுத்தான் என்னை ஆங்கிலப் பள்ளியில் விட்டார். 1983-ல் அதே புலவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் வந்தது. இப்போது பீட்டி ரோட்டில் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்து பையைச் சுமந்துகொண்டு அங்கே போகிறார்கள். என் மகளும் அப்படிப் போனவள்தான். உமறுப் புலவர் யார் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வெட்கமும் இந்தப் பதிவில் இருக்கிறது.

மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம். தலைவர்கள் படத்தை இரண்டு பக்கத்தில் அடக்கிவிட்டேன், செயலவையில் இதற்குச் சண்டை வரும், வரட்டும். மிச்ச பக்கங்கள் காலி. எங்கள் சங்கமோ வேறு சங்கமோ, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சந்தா ரசீது, நன்கொடைச் சீட்டு எது கிடந்தாலும் படம் பிடித்து அனுப்புங்கள். ரசீதில் தாத்தா பெயர்தான் இருக்கும். அனுப்புமுன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காசு யாருடைய டப்பாவிலிருந்து போனது என்று. அதையும் சேர்த்துத்தான் அச்சடிக்கப் போகிறேன்.